நாமே பழுது பார்த்த வண்டியில் டீசல் ஒழுகினால்...



நம் கனகம்மாசத்திரம் சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். அரிசிக்குச் செங்குன்றம், காய்கறிக்குக் கோயம்பேடு, வெல்லத்துக்குச் சித்தூர், மற்ற மளிகைக்குச் சென்னை பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகள் என்று நாலா பக்கமும் நமக்குப் போக்குவரத்து உண்டு. ஒரு காலத்தில் லாரி புக்கிங் ஆபீசையே நம்பியிருந்தோம். மினிடோர் போன்ற மூன்று சக்கர வண்டிகள் வந்தன. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு நடுத்தரக் கடைக்காரரும் சொந்த வண்டி வாங்கத் துணிந்தார். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.

சொந்த வண்டி வந்ததும் சொந்த ரிப்பேரும் கூடவே வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு லோடுக்குப் புறப்பட வேண்டியவர் பத்து மணிக்குக் கடை திறக்கும் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க முடியாது. டீசல் பில்டர் மாற்றுவது, கார்பரேட்டர் கழற்றிக் கழுவுவது, ஓஸ் மாற்றுவது போன்ற வேலைகளைக் கடைப் பையன்களோ நாமோ செய்துகொள்கிறோம். இதைத் தவறென்று நாங்கள் சொல்ல மாட்டோம். எண்ணெய்ச் செக்குக்கும் மாவு மில்லுக்கும் டீசல் எஞ்சின் ஓட்டிய பழைய தலைமுறை முதலாளிகள் நாசில் வரைக்கும் தாங்களே கழற்றிப் பூட்டியவர்கள்தாம். ஆனால் வேலை முடிந்து வண்டி கிளம்பிய மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தால் என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொண்டுதான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்படி ஒழுகும்போது, நாம் புதிதாக மாட்டிய சாமான் மட்டம் என்று விற்றவரோடு சண்டைக்குப் போகிறோம். பெரும்பாலும் சாமானில் குற்றம் இருப்பதில்லை. அதைக் கழற்றும்போது கூடவே கழன்று வந்த வாஷர், ரப்பர் வளையம், கிளிப், ஓஸ் முனை ஆகியவற்றைப் பழையபடியே திரும்பப் போட்டதில்தான் குற்றம் இருக்கிறது.

ஒரு சொட்டின் கணக்கு

வியாபாரிக்குக் கணக்குச் சொன்னால்தான் மனத்தில் ஏறும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிக்கு 20 முதல் 40 சொட்டு என்று கொண்டால் நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் ஆகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் குறைந்தது 180 ரூபாய் தரையில் போகிறது. ஒரு கிலோ பருப்பில் இரண்டு ரூபாய் இலாபம் பார்க்கும் நமக்கு அது 90 கிலோ பருப்பு விற்ற இலாபம்.

பணம் போவது ஒருபுறம். சரக்குக் கெடுவது அதைவிடப் பெரிய நஷ்டம். டீசல் வாடையை ஈர்த்துக்கொள்வதில் தேயிலைத் தூளுக்கு முதலிடம். அடுத்து அரிசி, கோதுமை மாவு, பருப்பு. சணல் சாக்கில் இருந்தால் ஒரு கை அகலம் நனைந்தாலே போதும், மூட்டையின் நடுவரைக்கும் வாடை போய்விடும். வெயிலில் கொட்டிக் காய வைத்தால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மேல்வாடை குறையுமே தவிர, சமைக்கும்போது கிளம்பிவிடும். ஒரு முறை எங்கள் மண்டிக்கு வாடகை வண்டியில் வந்த துவரம்பருப்பில் நான்கு மூட்டை டீசல் வாடை அடித்தது. டேங்கு, பைப் எதிலும் ஒழுக்கு இல்லை. முந்தின நாள் பில்டர் மாற்றிய டிரைவர், கழற்றிய பழைய பில்டரையும் துடைத்த துணியையும் சரக்குத் தட்டின் மூலையிலேயே போட்டு வைத்திருந்தார். நான்கு மூட்டையையும் தனியே ஒதுக்கிவிட்டோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்த பிறகு, இப்படிப்பட்ட சரக்கைத் தள்ளுபடி விலைக்குத் தள்ளிவிடுவது சட்டப்படியும் குற்றம். எஞ்சின் சரக்குத் தட்டுக்கு அடியில் இருக்கும் மூன்று சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

சாலையில் சிந்துவதும் சாதாரணமல்ல. பெட்ரோல் ஆவியாகிவிடும், டீசல் ஆகாது. திருத்தணி மலைப்பாதை வளைவில் ஒரு வண்டி டீசல் சொட்டிக்கொண்டே ஏறினால் பின்னால் வரும் இரு சக்கர வண்டி சறுக்கும். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடியோடு வெறுங்காலில் வரும் கூட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. மேலே ஒரு நட்டில் கசிவது பைப் வழியாக ஓடி, எஞ்சினின் அடிவிளிம்புக்கு வந்து, அங்கிருந்து விழும். ஓடும் வண்டியில் காற்றும் அதைப் பின்னால் தள்ளிவிடும். ஆகவே கீழே நனைந்த நட்டை முறுக்குவதில் பயனில்லை. நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆற விடுங்கள். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட் அருகில் கூடாது. பிறகு பழந்துணியால் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். கடையில் கோலமாவு இருக்கிறதே என்று அதைத் தூவ வேண்டாம். அது கல்தூள், உள்ளே போனால் எஞ்சினுக்குக் கேடு. டீசலாக இருந்தால் பாட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, ஒரு நிமிடம் ஓட விட்டுப் பார்த்தால் ஈரம் கண்ட இடத்தில் பவுடர் கறுத்துக் காட்டும். பெட்ரோல் வண்டியை ஒழுகுகிற நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெட்ரோல் டேப்பை மட்டும் திறந்துவிட்டுப் பார்த்தால் போதும்.

ஒழுகுவது எரிபொருள்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். தண்ணீர் சுவடு இல்லாமல் காய்ந்துவிடும். எஞ்சின் ஆயில் கறுப்பாக, கெட்டியாக நிற்கும். டீசல் அகலமாகப் பரவி வளையம் போட்டு வாடை அடிக்கும். இதற்கு நேர்மாறாக, தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் எஞ்சின் ஆயில் அளவு மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தால், டீசல் உள்ளுக்குள்ளேயே ஆயிலில் கலக்கிறது என்று பொருள். பம்பில் கோளாறு இருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். கெட்டியில்லாத ஆயிலில் ஓடினால் பேரிங்கே போய்விடும்.

டீசல் வண்டியில்

பில்டர் மாற்றிய பிறகு ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் வளையம். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் மேல்மூடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது தெரியாமல் புது வளையத்தோடு புது பில்டரைப் பூட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும். கழற்றி, பழையதைச் சுரண்டி எடுத்து, புது வளையத்தில் சிறிது டீசல் தடவி, கையால் பூட்ட வேண்டும். வளையம் தொட்டபின் பில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, அதாவது பொதுவாக முக்கால் சுற்று போல, கையாலேயே முறுக்கினால் போதும். இதற்கு ஸ்பானர் போட்டு இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் அநேகம் பேர்.

அடுத்தது செம்பு வாஷர். பைப் வந்து சேரும் போல்ட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். செம்பு மெத்தென்று இருப்பதால்தான் இரும்புக்கு நடுவில் நசுங்கி ஒழுக்கை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். பழைய அழுத்தத்தின் வரியும் அதில் பதிந்திருக்கும். அதைத் திரும்பப் போட்டால் அந்த வரி பழைய இடத்தில் உட்காராது. ஆபத்துக்கு, அந்த வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் மறுபடி மெத்தென்று ஆகும் என்பது பழைய மெக்கானிக்குகள் அறிந்த வித்தை. அது உண்மைதான். ஆனால் டீசல் வாடை உள்ள இடத்தில் நெருப்பு மூட்டி வாஷர் காய்ச்சுவதைவிட, சில ரூபாய் கொடுத்துப் புதிது வாங்குவது மேல். அலுமினிய வாஷருக்கு இந்த வித்தை செல்லாது.

நாசில்களின் தலையில் மெல்லிய துணி சுற்றிய ரப்பர் குழாய்கள் உண்டு. மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்புபவை இவை. வெப்பத்தில் விறைத்துப்போன இவற்றைப் பிடித்து இழுத்தால் நுனி வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது கசியும். ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

சொட்டாத ஒழுக்கு என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். டேங்கிலிருந்து டீசலைப் பம்பு உறிஞ்சி இழுக்கும் வண்டிகளில், அந்த வழியில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் சற்றுத் தூரத்தில் மூச்சுத் திணறி நிற்கும். நாமும் ஏர் எடுத்து ஏர் எடுத்துக் கை சலித்து, பாட்டரியும் இறங்கி, பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன், கடைசியாக நாம் கைவைத்த ஓஸ் முனையைப் பாருங்கள். முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு, புது கிளிப் போட்டுப் பூட்டினால் பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. ஓஸ் நீளம் போதாமல் விறைப்பாக நின்றால் மட்டும் புதிது வாங்குங்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்புகளில் ஒழுக்கு இருக்கிறதா என்று ஓடும் எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. வண்டி டயரில் 30 பவுண்டு, 40 பவுண்டு என்று காற்று அடிக்கிறோம். பழைய பம்பு வண்டியில் இந்தப் பைப்புக்குள் இருப்பது 200 பார் அளவு, அதாவது சுமார் 2,900 பவுண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில், காமன்ரெயில் முறையில், 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் போகிறது. ஊசித்துளையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த புள்ளி போல இருக்கும், வலியும் உடனே இராது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் தடவிக்கொண்டு கடையில் உட்காராமல், அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சோதனைக்கு ஒரு அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டினால் நனைந்து காட்டிக்கொடுக்கும். நம் கடைகளில் பெட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை.

காமன்ரெயில் வண்டியில் அந்தப் பக்கமே நாம் ஸ்பானர் வைக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. கழற்றிய பைப்பைத் திரும்பப் போடக் கூடாது என்றே பல நிறுவனங்கள் சொல்கின்றன. பழைய பம்பு வண்டியில் நட்டு முறுக்குவதானால் எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்பானர் கொண்டு, ஒன்றால் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மற்றதால் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொண்டு வேறு இடத்தில் விரியும்.

பெட்ரோல் வண்டியிலும் ஜெனரேட்டரிலும்

கார்பரேட்டர் கழுவி மாட்டிய எக்ஸ்.எல். வண்டியிலோ சிறிய ஜெனரேட்டரிலோ ஓவர்புளோ குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டினால், மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கும். பெரும்பாலும் அந்தத் தூசி நாம் கழுவும்போது போனதுதான். டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் மிதவை ஓட்டை, மாற்றியே ஆக வேண்டும். கிண்ணத்து ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், இடத்தில் உட்காராது. அதை அழுத்தித் திணித்துப் பூட்டினால் நிச்சயம் ஒழுகும். புதிது இல்லையென்றால் பழையதை நன்றாகக் காய விட்டால் சுருங்கி வரும்.

ஓஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் வெள்ளைக் குழாயைப் பெட்ரோலுக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊறியதும் அது குச்சி போல் விறைத்து, அதிர்வில் வெடித்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் படிப்படியாக வந்து, 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற நிலை வந்துவிட்டது. பழைய ரப்பருக்கு எத்தனால் அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆகவே பத்து வருட எக்ஸ்.எல். வண்டியில் கார்பரேட்டரைக் கழற்றும் அன்றைக்கே ஓஸையும் வளையங்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வாங்கும்போது புதுப் பெட்ரோலுக்கு ஏற்ற ஓஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

டேங்கில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசிந்தால் வழியில் போகிறவர்களெல்லாம் சொல்வது பார் சோப்பு வைத்தியம். சோப்பு பெட்ரோலில் கரையாது, ஆகவே ஊர் வந்து சேரும் வரைக்கும் அது தாங்கும். ஆனால் மழையில் நனைந்தால் கரைந்துவிடும். எம்-சீல் அதைவிடச் சற்று நாள் நிற்கும். அதுவும் நிரந்தரமல்ல. பற்றவைப்பதுதான் முடிவு என்றால் அதற்கென்று உள்ளவரிடம் டேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். காலி டேங்கு என்று வெல்டிங் பட்டறையில் அவசரப்படுத்தக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும், ஆகவே நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கு பொல்லாதது.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து, படிக்கட்டு இறங்கி, குடோன் மூலையில் தங்கும். ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து, கார்பரேட்டர் ஒழுகுவதைக் கவனிக்காமல், பத்தடி தள்ளி ஊதுவத்தி ஏற்றுகிறோம். தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் டின், காலிச் சாக்கு ஆகியவை ஒரே கூரையின் கீழ் இருக்கும் கடை நம்முடையது. புகையில் உயிர்க்கொல்லி வாயு இருப்பதாலும் ஜெனரேட்டர் வெளியேதான் இருக்க வேண்டும்.

ஆயுத பூசையை ஒட்டித்தான் வண்டி, எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டுகிறோம். அன்று மாலையே அவற்றுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துகிறோம். பூசைக்கு இரண்டு நாள் முன்பே வேலையை முடித்து, ஒழுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கற்பூரத் தட்டை வண்டியிலிருந்து விலக்கி வைத்து ஏற்றலாம். வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குச் சூடம் காட்டும் வழக்கம் உள்ளவர்களுக்கும் இதே வேண்டுகோள். குடோனில் இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

பழுது பார்க்க இறக்கிய பெட்ரோலை எங்கே வைப்பது என்றும் பலர் கேட்கிறார்கள். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஆனால் இறுக மூடிய உலோகக் கலனில், ஒரு கலனில் 25 லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றிப் படிக்கட்டுக்கு அடியில் வைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது. தாகத்தில் பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்துவிடவும் கூடும். கழுவுவதற்குப் பெட்ரோலை உபயோகிக்காமல், கொஞ்சம் டீசலைத் தட்டில் ஊற்றிக் கழுவுங்கள்.

பூட்டி முடித்த வண்டியை உடனே லோடுக்கு அனுப்ப வேண்டாம். கால் மணி நேரம் நின்ற இடத்தில் ஓட விட்டு, நிறுத்தி, ஆறிய பின் எல்லா இணைப்பையும் டார்ச் விளக்கில் பாருங்கள். மெழுகுவத்தி கூடாது. பிறகு திருவாலங்காடு வரைக்கும் வெறும் வண்டியாகப் போய்வந்து மறுபடி பாருங்கள். மூன்றாவது பார்வை மறுநாள் காலையில், தாள் விரித்து. புது ரப்பரும் புது வாஷரும் ஒரு முறை சூடாகி ஆறும்போது சற்றுத் தளர்வது இயல்பு. அப்போது ஒரு சிறு முறுக்குப் போதும்.